மறுபடியும் திரியா?

தீக்குச்சி உரசுகிற சத்தம் ரொம்பச் சின்னது. பக்கத்து வீட்டுக்காரர் பீடி பற்றவைத்தால் நமக்குக் கேட்காது. ஆனால் அந்தச் சின்னச் சத்தத்துக்கு ஒரு சமுதாயக் கூடமே எழுந்து ஓடியதை நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்திருக்கிறேன் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் அதிகம். எனக்குப் பின்னால் நடந்ததை நான் எப்படிப் பார்த்திருக்க முடியும்? ஓடியவர்களில் முதல் ஆள் நான்.

சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில், சோளக்காட்டுக்கும் பட்டாசுக் கம்பெனிகளுக்கும் நடுவில் இருக்கிற ஒரு கிராமம் அது. பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் யாராவது படித்துவிட்டு அடுத்த வாரமே அங்கே ஒரு பயிற்சி அனுப்பிவிடுவார்கள். பாவம், அந்தப் பெண்கள் நன்றாக இருக்கட்டும்.

கூடம் நிறையப் பெண்கள். வரிசை வரிசையாகத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் திரி. முன்னால் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். அதன் மேல் மெழுகு போட்ட சட்டி. மதுரையிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மாள் கைப்பைக்குள் கையை விட்டுத் தீப்பெட்டியை எடுத்தார்.

அங்கேயே நிற்கட்டும். அந்தக் குச்சியை உரசுவதற்கு முன்னால், நான் ஏன் அந்த வாசலில் நின்றேன் என்று சொல்லிவிடுகிறேன்.

வளநபர்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பாவை நாங்கள் அத்தா என்போம். விருதுநகரில் அத்தாவுக்கு மல்லி, வத்தல் கமிஷன் கடை. அந்தக் கடையில் நானும் கொஞ்ச நாள் உட்கார்ந்து பார்த்தேன். மல்லித் தூசிக்குத் தும்மினேன். வத்தல் நெடிக்கு அழுதேன். இரண்டும் இல்லாத நேரத்தில் மூட்டை மேல் தூங்கினேன்.

“ஏலே, எங்கயாச்சும் சம்பளத்துக்குப் போயிருலே. கடை பொழச்சுக்கிரும்” என்றார் அத்தா.

போனேன். பெண்கள் முன்னேற்றத்துக்காக நடந்துகொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனத்தில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். என் பதவிக்கு ஆங்கிலத்தில் ‘ரிசோர்ஸ் பெர்சன்’ என்று பெயர். அதைத் தமிழில் ‘வளநபர்’ என்று மொழிபெயர்த்துச் சட்டையில் குத்திக்கொள்ள அட்டை ஒன்றும் கொடுத்தார்கள். வளம் என்று சொல்லிக்கொள்ள என்னிடம் இருந்தது வாய் ஒன்றுதான். கிராமத்துப் பெண்கள் ஒரே கூட்டத்தில் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டாவது கூட்டத்துக்குப் போனபோது என் பெயர் ‘வளவள சார்’ என்று மாறியிருந்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் யாராவது ஒருத்தி, “வளவள சாரு, சௌக்கியமா இருக்கீகளா?” என்று கேட்பாள். அட்டையில் இருந்த பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை.

வேலையைப் பற்றி அத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“பொம்பளைகளுக்குப் பொழைக்க வழி சொல்லிக் குடுக்கிறியா? நல்லதுலே. அப்படியே திரும்பி வரும்போது, நீ பொழைக்க ஒரு வழி அவுககிட்டக் கேட்டுட்டு வா.”

பினாயில் யுகம்

அந்த நாளில் பெண்களை முன்னேற்றக் கிளம்பிய எல்லாரும் முதலில் பினாயிலைத்தான் பிடித்தார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பெண் என்றால் தரை துடைப்பவள், ஆகவே அவள் முன்னேறினால் தரை துடைப்பதைத் தயாரிப்பாள் என்று யாரோ ஒரு மேதை கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

ஒரு ஊரில் பினாயில் சொல்லிக்கொடுத்தோம். பக்கத்து ஊரிலும் சொல்லிக்கொடுத்தோம். அதற்கும் பக்கத்து ஊரில் எங்களுக்கு முன்னாலேயே வேறொரு நிறுவனம் சொல்லிக்கொடுத்திருந்தது. கடைசியில் எல்லாரும் பினாயில் செய்கிறவர்கள். யார் யாருக்கு விற்பது? சாணி மெழுகிய தரையில் பினாயிலை ஊற்றினால், தான் அழுக்கா மருந்தா என்று சாணிக்கே சந்தேகம் வந்துவிடும். மிஞ்சியதையெல்லாம் ஊழியர்கள் தலையில் கட்டினார்கள். எங்கள் வீட்டில் எறும்புகூட ஊரைக் காலி செய்துவிட்டுப் போனது. அத்தா சாப்பிட உட்காரும்போதெல்லாம், “இதென்ன வீடா, ஆசுபத்திரியா?” என்று கேட்டுக்கொண்டே சோற்றைப் பிசைவார்.

அடுத்தது காளான். அதற்கு எங்கள் ஆட்கள் தேர்ந்தெடுத்த ஊர் மல்லாங்கிணறு. பெயரில் இருக்கிற கிணற்றை நம்பி எடுத்த முடிவோ என்னவோ. வானம் பார்த்த பூமி. பங்குனியில் அங்கே நாய்கூட நாக்கை உள்ளே இழுப்பதில்லை.

குளிர்ந்த ஊரிலிருந்து ஒரு நிபுணர் வந்தார். காளானுக்குக் குளிர்ச்சியும் ஈரமும் வேண்டும் என்று திரையில் படம் போட்டுக் காட்டினார். மலை, மூடுபனி, சொட்டுகிற கூரை. அந்தப் படத்தைப் பார்த்தே கொஞ்ச நேரம் எல்லாரும் குளிர்ந்தோம். விளக்கைப் போட்டதும் பின்வரிசையில் ஒருத்தி எழுந்தாள்.

“சார், அம்புட்டு ஈரம் இங்கன இருந்தா நாங்க எதுக்குக் காளான் போடுறோம்? நெல்லுல்லா போடுவோம்!”

நிபுணர் சிரித்தார். நான் அன்றைய அறிக்கையில், ‘பயனாளிகள் சிந்திக்கத் தொடங்கியுள்ளனர்’ என்று எழுதினேன். எங்கள் செயலாளர் அந்த வரியைப் படித்துவிட்டு என் தோளைத் தட்டினார். அந்த நிறுவனத்தில் நான் வாங்கிய ஒரே பாராட்டு அதுதான்.

ரிப்பன் கட்டிய கிரைண்டர்

இப்போது அந்தக் கிராமத்துக்கு வருவோம்.

சமுதாயக் கூடத்தின் பக்கவாட்டில் ஓர் அறை இருந்தது. அதன் நெற்றியில் ‘மகளிர் வள மையம்’ என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருக்கும். கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூட்டு. உள்ளே மாவரைக்கிற பெரிய கிரைண்டர், ஓட்டல்களில் வைத்திருக்கிற ரகம். முடிந்துபோன ஏதோ ஒரு திட்டத்தில் வாங்கியது. கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்தாயிற்று. ஓட்டிப் பார்த்தாயிற்று. பாலிதீன் சுற்றி, அதன் மேல் சிவப்பு ரிப்பனும் கட்டியாயிற்று.

திறந்து வைக்க ஒரு பெரிய மனிதர் வர வேண்டும். அது ஒன்றுதான் பாக்கி. முதலில் ஒருவர் வருவதாகச் சொன்னார், அவருக்கு மாற்றல் வந்தது. இன்னொருவரைப் பிடித்தோம், தேர்தல் வந்தது. மூன்றாவதாக ஒருவர் கிடைத்தார், அன்றைக்கு மழை வந்தது. மழை வந்து ஒரு காரியம் கெட்டது எங்கள் ஜில்லாவில் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தப் பூட்டைத் தினமும் பார்த்துக்கொண்டே போய்வந்தவள் சண்முகத்தாய். ஒல்லியான உடம்பு. அதற்குள் எங்கே வைத்திருந்தாளோ அவ்வளவு பெரிய குரல். பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி செருகுகிற வேலை. விடிந்ததும் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து ஹாரன் அடிக்கும். தூக்குச்சட்டியும் கையுமாக ஓடிப் போய் ஏறுவார்கள். பொழுது சாய்ந்தால் அதே வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். விரல் நுனியில் ஒட்டிய வெள்ளிப் பொடி, சோறு பிசையும்போதுகூட மினுங்கும்.

முந்தின சீசனில் அவள் ஷெட்டுக்குப் பக்கத்து ஷெட் வெடித்தது. வேனில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறவள் அந்த ஷெட்டில் இருந்தாள். அதற்குப் பிறகு அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நின்றுகொண்டு வந்தாலும் வருவார்கள், அங்கே பையைத்தான் வைப்பார்கள்.

“அந்தப் பையி என் மேல சாயும்போதெல்லாம் அவதான் சாயுறாளோன்னு திரும்பிப் பாக்கேன் சார்” என்றாள் என்னிடம் ஒருநாள். அவள் சத்தம் போடாமல் பேசி நான் கேட்டது அன்றைக்கு மட்டும்தான்.

உடனே பழைய குரலுக்கு வந்துவிட்டாள். “இந்தா பாருங்க. இந்த ஊருல அம்புட்டுப் பொம்பளையும் வேனுல போயி வேனுல வாராக. பொழுதடைய வந்து எவ உக்காந்து மாவாட்டுவா? காலையில நனையப்போட்ட அரிசியச் சட்டியோட என்கிட்டக் குடுத்துட்டுப் போனா, சாயந்தரம் மாவா வாங்கிட்டுப் போயிருவா. நான் வேனுல ஏற வேண்டாம். கிரைண்டரு அந்தா கெடக்கு. கதவ மட்டும் தொறந்து விடுங்க.”

“பேசிப் பார்க்கிறேன்.”

“வெரசாப் பேசுங்க. இப்பத் தீவாளி முடிஞ்சு கம்பெனி பூட்டியிருக்கு. தொறந்து ஹாரன் அடிச்சிட்டா நான் ஏறித்தான் ஆகணும். அதுக்குள்ள ஆகணும்.”

பேசினேன். செயலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “தம்பி, கிரைண்டர் போன திட்டம். இப்ப நடக்கிறது வேற திட்டம். இதுல திறன் வளர்ப்பு மட்டும்தான் இருக்கு. பூட்டைத் திறக்க இதுல இடமில்லை.”

பூட்டைத் திறப்பதும் ஒரு திறன்தானே என்று ஒரு அருமையான பதில் தோன்றியது. தோன்றியபோது நான் பஸ்ஸில் பாதி வழி வந்துவிட்டிருந்தேன். அவர் முன்னால் நான் சொன்னது, “ஆமா சார்.”

“ஊரெல்லாம் கரண்ட் கட். மெழுகுவர்த்திப் பயிற்சி போடுங்க. பிரகாசமான எதிர்காலம்” என்றார் அவர். சிலேடை என்று தெரியாமலேயே சொன்னார்.

நான் போய்ச் சண்முகத்தாயிடம் சொன்னேன். மெழுகு, அச்சு, நூல், நூலைத் திரித்து...

“என்னது?”

“திரி...”

அவள் தன் விரல் நுனியை ஒருமுறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். “மறுபடியும் திரியா?”

திரி என்பது ஒரு விசித்திரமான சொல். விளக்கில் போட்டால் வெளிச்சம். வெடியில் செருகினால் கூலி. பாலுக்கு வந்தால் நாசம். வேலைவெட்டி இல்லாதவன் ஊர் ஊராகச் செய்வதற்கும் அதே சொல்தான். அந்த வகையில் அந்தத் திட்டத்துக்கு மிகப் பொருத்தமான ஆள் நான்தான் என்று அப்போது தோன்றியது.

வாளும் ஆதாரமும்

பயிற்சியைப் பார்வையிட டெல்லியிலிருந்து, நிதி கொடுக்கிற இடத்து அதிகாரி ஒருவர் வருவதாக இருந்தது. பேனருக்குச் சிவகாசி அச்சகத்தில் ஆர்டர் கொடுக்கிற பொறுப்பு என்னுடையது. போனில் சொன்னேன்.

எங்கள் பக்கத்து வாய்க்கு ‘ழ’ அவ்வளவு சுலபமாக வசப்படாது. கிழவியும் எங்களுக்குக் கிளவிதான், வாழைப்பழமும் வாளப்பளம்தான். சிவகாசிக்காரர்கள் தொழிலில் நாணயமானவர்கள். என் வாயிலிருந்து வந்ததை ஒரு எழுத்து மாற்றாமல் அடித்துக் கொடுத்துவிட்டார்கள். கூடத்து வாசலில் மாட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன். ஆளுயர எழுத்து: ‘பெண்களின் நிலைத்த வாள்வாதாரம் நோக்கி’.

செயலாளரும் பார்த்தார். “டெல்லிக்காரருக்குத் தமிழ் தெரியாது. விடுங்க.”

பெண்களுக்குத் தெரியுமே. வருகிறவள் ஒவ்வொருத்தியும் நின்று எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் உள்ளே போனாள்.

“ஏ, இந்த வருசம் வாளு குடுக்கப் போறாகளாம்லா!”

“குடுக்கட்டும்” என்றாள் சண்முகத்தாய். “மொதல்ல எங்கன வீசணும்னு எனக்குத் தெரியும்.” சொல்லும்போது அவள் பார்த்தது செயலாளரையும் என்னையும். நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் பார்த்தோம்.

டெல்லிக்காரர் ஜீப்பில் வந்து இறங்கினார். கழுத்தில் பெரிய கேமரா. மொழிபெயர்க்கிற வேலையும் எனக்குத்தான். என் ஆங்கிலத்தில் அவசரத்துக்கு உதவுகிற வாக்கியம் ஒன்று உண்டு. பெண்கள் எது சொன்னாலும், ‘ஷி இஸ் வெரி ஹாப்பி சார்’ என்பேன். அன்றைக்கும் ஒருத்தி, “இந்த ஆளுக்கு டெல்லியில சோலி இல்லையாமா?” என்று கேட்டாள். ஷி இஸ் வெரி ஹாப்பி சார் என்றேன். அவர் அவளைக் கும்பிட்டார்.

உரசல்

மதுரை மேடம் கண்டிப்பானவர். எல்லாரையும் செருப்பை வாசலில் விடச் சொன்னார். வரிசை பிசகாமல் தரையில் உட்காரச் சொன்னார். ஆளுக்கொரு நூல்கட்டு கொடுத்து, ஒரே அளவாகத் திரி வெட்டி மடியில் அடுக்கச் சொன்னார். மெழுகுக்குச் சேர்க்கிற கலர்ப்பொடிகளைத் தட்டுத் தட்டாகப் பிரித்து நடுவில் வைத்தார். சிவப்பு, பச்சை, கடைசித் தட்டில் மினுமினுக்கிற வெள்ளி.

“பேசாம வேலையப் பாருங்க” என்றார்.

கூடம் அமைதியாகிவிட்டது. தலைகள் குனிந்தன. விரல்கள் தாமாக ஓடத் தொடங்கின. ஒன்றும் அறியாமலேயே அந்த அம்மாள் அங்கே ஒரு பட்டாசு ஷெட்டைக் கட்டி முடித்துவிட்டார்.

இவர்களும் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கிறவர்கள்தான். தீக்குச்சிக்குப் பயந்தவர்கள் இல்லை. ஊருக்கெல்லாம் தீப்பெட்டி செய்து கொடுக்கிற சாத்தூர் பக்கத்துக்காரர்கள் தீக்குச்சிக்குப் பயந்தால் உலகம் சிரிக்கும். ஆனால் அது வீட்டில். மடியில் திரியும் முன்னால் பொடித்தட்டுமாக வரிசையில் உட்கார்ந்துவிட்டால் கணக்கே வேறு. கம்பெனி வாசலில் தினமும் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். தீப்பெட்டி கொண்டுபோவது அங்கே கொலைக்குச் சமானம்.

அந்த நேரம் பார்த்து மேடம் ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் குனிந்து குச்சியை உரசினார்.

யாரும் அலறவில்லை. “ஏ!” என்று ஒரே ஒரு குரல். அவ்வளவுதான். மடியில் இருந்த திரியெல்லாம் சிதற, மொத்தக் கூடமும் எழுந்தது. நான் வாசலில் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா? ஓட எனக்குத்தான் வசதி. எதற்கு என்று கேட்டுவிட்டு ஓடுகிற ஊர் இல்லை எங்களுடையது. முதலில் ஓட வேண்டும், உயிர் இருந்தால் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

வெளியே பேனரைப் படம் எடுத்துக்கொண்டிருந்த டெல்லிக்காரரை நான் இடித்தேனா, தாண்டினேனா, நினைவில்லை. ஒரு சீமைக்கருவேலம் புதருக்குப் பின்னால் போய் விழுந்தேன். ஒரு காலில் செருப்பு இருந்தது. மறு காலில் முள் இருந்தது.

வெடி கேட்கவில்லை. காக்காய் கத்திற்று. வேறு சத்தமே இல்லை.

நொண்டிக்கொண்டு திரும்பினேன். கூடத்துக்குள் இரண்டு பேர்தான் இருந்தார்கள். மதுரை மேடம் தரையில் உட்கார்ந்திருந்தார், தலை முதல் கால்வரை நனைந்து. சண்முகத்தாய் காலிக் குடத்தோடு நின்றிருந்தாள். குச்சியைத் தட்டிவிட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஸ்டவ் மேலும் மேடம் மேலும் கவிழ்த்திருக்கிறாள்.

“தீப்பொட்டியவா எடுக்க? அறிவு இருக்கா? எம்புட்டுப் பேரு உக்காந்திருக்...” என்று கத்தியவள் பாதியில் நின்றாள். சட்டியைப் பார்த்தாள். “ஐயையோ, இது மெழுகுல்லா!”

வாசலில் எட்டிப் பார்த்த பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள்.

“நாம எதுக்குடீ ஓடுனோம்?”

“நீ ஓடுன, நானும் ஓடுனேன்.”

“நான் வளவள சாரப் பாத்துல்லா ஓடுனேன்! அவரு போன வேகத்துக்கு நெசமாவே வெடிச்சிருச்சுன்னு நெனச்சேன்.”

ரொம்ப நேரம் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் உள்ளே வந்தார்கள். ஆனால் யாரும் உட்காரவில்லை. தரையில் கிடந்த திரிகளை மிதிக்காமல், சுவரோரமாகச் சுற்றிப் போய் நின்றார்கள்.  ஒருத்தி மட்டும் பக்கத்தில் நின்றவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஓப்பன்

வெளியே நின்ற செயலாளரோடு டெல்லிக்காரர் உள்ளே வந்தார். என்ன நடந்தது என்று கேட்டார். செயலாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான், “சேஃப்டி டிரெய்னிங் சார். ஷி இஸ் வெரி ஹாப்பி” என்றேன். ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்த மேடத்தை அவர் மரியாதையாகக் கும்பிட்டார்.

பிறகு சும்மா இருக்காமல் பக்கவாட்டு அறையைக் காட்டி அது என்ன என்று கேட்டார்.

“தினசரி உபயோகத்துல இருக்கு, சாவி ஆபீஸ்ல இருக்குன்னு சொல்லுங்க” என்றார் செயலாளர் மெல்ல. நான் ஆங்கிலத்தில் முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் சண்முகத்தாய் அவர் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

“சார்! உள்ள கிரைண்டர். லாக்! கரண்ட் ஓகே. ஆர்டர் ரெடி. ஓப்பன் இல்ல சார், ஓப்பன் இல்ல!”

அந்த மனிதருக்கு முகம் மலர்ந்துவிட்டது. வந்ததிலிருந்து அவருக்குப் புரிந்த முதல் தமிழ் அதுதான். கம்பெனியில் லோடு, ஆர்டர், சீசன், லாக் என்று புழங்குகிறவளுக்கு நான் எதற்கு நடுவில்? என் மொழிபெயர்ப்பு உத்தியோகம் அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

“ஓப்பன் இட்” என்றார் அவர்.

“கீ... விருதுநகர்... ஆபீஸ்...” என்று செயலாளர் இழுத்தார்.

சண்முகத்தாய் வெளியே போனாள். இரண்டு கையாலும் ஒரு கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். டெல்லிக்காரருக்குக் காட்டினாள்.

“கீ” என்றாள்.

பூட்டு விழுந்தது. பாலிதீனுக்குள் சிவப்பு ரிப்பனோடு கிரைண்டர், தாலி கட்ட ஆள் வராத கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தது. ரிப்பன் இருந்தால் வெட்ட வேண்டும் என்று டெல்லிக்காரருக்குத் தெரிந்திருந்தது. கத்தரி? திரி வெட்ட வந்த கத்தரி கைவசம் இருந்ததே. வெட்டினார். எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவர் செயலாளர். யார் வீட்டிலிருந்தோ ஊறிய அரிசி வந்தது. சண்முகத்தாய் ஸ்விட்சைப் போட்டாள். கல் அசைந்து, திணறி, குர்ர் என்று சுற்ற ஆரம்பித்தது.

“இதுதான் சத்தம்!” என்றாள் ஒருத்தி.

ஹாரன்

அதோடு முடிந்திருந்தால் அது எங்கள் நிறுவனமே இல்லை.

சில நாள் கழித்துச் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். மேஜை மேல் புதுப் பூட்டு ஒன்றும் புது ரிப்பன் ஒன்றும் இருந்தன. “அன்னைக்கு நடந்தது முறையான திறப்பு விழா இல்லை தம்பி. பெரியவர் ஒருத்தர் தேதி தர்றேன்னிருக்கார். அதுவரைக்கும் பூட்டிட்டு வந்துருங்க. ரிப்பனை நல்லாக் கட்டுங்க.”

போனேன். பையில் பூட்டு கனத்தது. நான் போய் இறங்கிய காலையில்தான் கம்பெனி மறுபடி திறக்கிறார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தெருமுனையில் வேன் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெண்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஆனால் நேராக வேனுக்கு ஓடவில்லை. முதலில் வள மையத்து வாசலுக்கு ஓடி, அரிசி ஊறுகிற சட்டியை வைத்துவிட்டு, அப்புறம் வேனுக்கு ஓடினார்கள். வாசல் முழுக்கச் சட்டிகள். அலுமினியம், எவர்சில்வர், ஒரு பழைய பால் கேன்கூட.

உள்ளே கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. சண்முகத்தாய் முழங்கைவரை மாவோடு நின்றாள்.

வேன் ஜன்னலிலிருந்து ஒருத்தி கத்தினாள். “ஏ சம்முகம்! ஹாரன் அடிக்கான், காது கேக்கலையா?”

“என்னது?” என்று இவள் இங்கிருந்து கத்தினாள். “ஒண்ணும் கேக்கலையே! கிரைண்டரு ஓடுதுல்லா!”

வேன் இன்னொரு முறை அடித்துவிட்டு நகர்ந்தது. போகிற வேனில் அடுத்தடுத்த இரண்டு இருக்கை மேல் பை இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி மாவை வழித்தாள்.

“என்ன சார், நொண்டாம வந்திருக்கீக? பையில என்ன?”

நான் வளவளவென்று ஆரம்பித்தேன். முறையான விழா, பெரியவர், தேதி, அதுவரைக்கும்... கையில் இருந்த பூட்டுக்கு வாய் இருந்திருந்தால் அதுவே என்னை நிறுத்தச் சொல்லியிருக்கும்.

அவள் கடைசிவரை கேட்டாள். மாவுக் கையை நீட்டி என்னிடமிருந்து பூட்டை வாங்கினாள். சாவியையும் ரிப்பனையும் வாங்கினாள். மூலையில் மதுரை மேடம் விட்டுப் போன தகரப் பெட்டி கிடந்தது. மெழுகு, அச்சு, கலர்ப்பொடி, மிஞ்சிய நூல்கட்டு எல்லாம் அதற்குள். பெட்டியில் பூட்டை மாட்டி, அமுக்கிப் பூட்டி, சாவியை என் சட்டைப் பையில் போட்டாள். பையில் மாவு அப்பிக்கொண்டது.

“பூட்டியாச்சுன்னு சொல்லுங்க. திரியெல்லாம் பத்திரமா இருக்கும். உங்க பெரியவரு வந்தா இதைத் தொறந்து வைக்கட்டும்.”

ரிப்பனை என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். அடுத்த முறை போனபோது, மாவுச் சட்டி மாறிப்போகாமல் இருக்க ஒவ்வொன்றின் காதிலும் துண்டு துண்டாகச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

‘பூட்டப்பட்டது’ என்று அறிக்கை கொடுத்தேன். ஒரு எழுத்துப் பொய் இல்லை. பெரியவர் இன்றுவரை தேதி தரவில்லை.

தை மாதத்தில் எங்கள் நிறுவனத்துக் காலண்டர் சிவகாசியிலிருந்து கட்டுக் கட்டாக வந்து இறங்கியது. மேலே டெல்லிக்காரர் எடுத்த படம். அருமையான படம். காலை வெயில், கரிசல் காடு, கூந்தலும் முந்தானையும் பறக்க ஒரு கூட்டம் பெண்கள் நம்மை நோக்கி ஓடி வருகிறார்கள். அவர்களுக்கும் முன்னால் ஒரு ஆண், ஒரு காலில் செருப்போடு, வாயைப் பிளந்துகொண்டு. அடியில் தங்க எழுத்து: ‘விடியலை நோக்கி, எங்கள் வளநபரின் வழிகாட்டுதலில்’. இந்த முறை ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை.

அத்தா அதைக் கடையில் மாட்டிக்கொண்டார். வருகிற வியாபாரிகளிடமெல்லாம், “எம் மவன்தான். எவன்கிட்ட அடி வாங்கிட்டு ஓடுறான்னு தெரியல” என்று காட்டுவார்.

ஒரு பிரதியைச் சண்முகத்தாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். விரித்துப் பிடித்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். இவ வெள்ளத்தாயி, இவ மேலத்தெருக்காரி, இது யாரு, சார்ல்லா என்று சிரித்தாள். கடைசி முகம்வரை பார்த்துவிட்டு, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

“நான் இதுல இல்ல சார்” என்றாள்.

நானும் தேடினேன். இல்லைதான்.

“எப்படி இருப்பேன்? நான் உள்ளல்லா இருந்தேன்.” காலண்டரைச் சுருட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த சட்டி அரிசியை எடுத்துக் கிரைண்டரில் கொட்டினாள்.